‘ஒண்ணுமில்ல’ என்றார் டாக்டர். அப்புறம் ஏன் வலிக்கிறது?

நான் பிளஸ் டூ படித்த வருடம். முழுப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. மாசிப் புழுக்கம், கரண்டும் இல்லை. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், பாயை விரித்துப் படுத்திருந்தேன். மூச்சை உள்ளே இழுத்தபோது இடது மார்புக்குக் கீழே கோணி ஊசியால் குத்தியது போல ஒரு வலி. மறுபடி இழுத்தால் மறுபடி குத்து. பாதி மூச்சோடு நிறுத்திக்கொண்டு அசையாமல் கிடந்தேன். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். வந்த மாதிரியே போய்விட்டது.

வலி போய்விட்டது, பயம் போகவில்லை. இரண்டு மாதம் முன்னால்தான் பெரியப்பா மாரடைப்பில் போயிருந்தார். “லேசாக் குத்துதுன்னுதான் சொன்னாரு, அதுக்குள்ள முடிஞ்சு போச்சு” என்று துஷ்டி வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் ஒரு தரமாவது சொன்னார்கள். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த நான் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு விடியும்வரை நெஞ்சில் கையை வைத்துத் துடிப்பை எண்ணினேன். காலையில் அம்மாவிடம் சொன்னேன். ஆச்சி குறுக்கே வந்து, “வாய்வுதாம்ல. ராத்திரி கிழங்கு தின்னேல்லா” என்று ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் திருநீறு போடும் தாத்தாவிடமும் கூட்டிப்போனாள். ஆளுக்கு ஒரு நாள் கேட்டது. மூன்றாம் நாள் டாக்டர். ஸ்டெதாஸ்கோப்பை நாலு இடத்தில் வைத்துக் கேட்டார், இசிஜி எடுத்தார், “ஒண்ணுமில்லப்பா, போய்ப் படி” என்றார்.

இப்போது பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் வாத்தியாராக இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது இடைவேளையில் வந்து நிற்பார்கள். “சார், நெஞ்சு வலிக்கு சார்.” இசிஜி தாள் நாலாக மடித்துப் பைக்குள் இருக்கும். நான் மருத்துவன் இல்லை. மருத்துவர் பார்த்து முடித்த பிறகு பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றித்தான் இது.

‘ஒண்ணுமில்ல’ என்ற சொல்

டாக்டர் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது, ‘உயிருக்கு ஆபத்தான எதுவும் இல்லை’ என்பது. கேட்கும் பிள்ளைக்கு அது ‘உனக்கு வலிக்கவே இல்லை’ என்று விழுகிறது. வலிக்கிறதே! அப்படியானால் டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை, இல்லையென்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது, நம்மிடம் மறைக்கிறார்கள். பதினேழு வயதில் நான் போட்ட கணக்கு இதுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக அவர் இரண்டு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வெளியே அறுபது டோக்கன் காத்திருந்தது.

அந்த இரண்டு வாக்கியத்தை நான் சொல்கிறேன். வலி நிஜம். ஆனால் வலிப்பது இதயம் அல்ல, இதயத்தைச் சுற்றியிருக்கும் கூடு.

நெஞ்சு என்பது ஒரே பொருள் இல்லை. பன்னிரண்டு ஜோடி விலா எலும்புகள். மேல் ஏழு ஜோடிகளும் முன்பக்கம் குருத்தெலும்பு வழியாக நடு மார்பெலும்போடு நேராகச் சேர்கின்றன. இடையிடையே தசை, நரம்பு. பின்னால் நுரையீரல், உணவுக்குழாய், அவற்றுக்கு நடுவே கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தபடி ஒரு கைமுஷ்டி அளவுக்கு இதயம். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது சித்தர் மரபு சொல்லும் கணக்கு. நிமிடத்துக்கு 15 என்று பெருக்கிப் பார்த்தாலும் அதேதான் வரும். அத்தனை தடவையும் இந்தக் கூடு விரிந்து சுருங்குகிறது. வாசல் கதவின் கீல் எப்போதாவது கிறீச்சிடுவது போல இதுவும் எங்காவது பிடிக்கத்தான் செய்யும். வளர்கிற வயதில் கூடுதலாகவே பிடிக்கும்.

தட்டட்டியில் என்னைக் குத்தியதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். பிரிகார்டியல் கேட்ச். மில்லர், டெக்ஸிடார் என்ற இரண்டு மருத்துவர்கள் 1955-இல் இதை எழுதி வைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ வரும். ஒரு விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்குச் சின்ன இடம். மூச்சிழுத்தால் குத்தும். சில நொடியிலிருந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அதுவாகவே விட்டுவிடும். சிறு பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும்தான் அதிகம், வயது ஏற ஏறக் குறைந்துவிடும். இதற்கு வைத்தியமே கிடையாது, தேவையும் இல்லை. மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தாலே பலருக்கு விட்டுவிடும்.

இன்னொன்று காஸ்டோகாண்ட்ரைட்டிஸ். விலா எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடத்தில் வரும் நோவு. கனத்த புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டுவது, நாள் கணக்கில் இருமுவது, ஜிம்மில் முதல் வாரமே தண்டால் எடுத்துத் தள்ளுவது, இவற்றில் எதற்குப் பிறகும் வரலாம், ஒன்றுமே செய்யாமலும் வரலாம். அந்த இடத்தை அழுத்தினால் அதே வலி வரும். டாக்டர் விரலால் அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். இதைப் படித்துவிட்டு நீங்கள் தினமும் அழுத்திப் பார்க்க ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன். ஒரே இடத்தை ஒரு நாளைக்கு நாற்பது தரம் அழுத்தினால் ஆரோக்கியமான விலாவும் வலிக்கும் என்பதைச் சொந்தச் செலவில் கண்டுபிடித்தேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. ராத்திரி பத்து மணிக்கு புரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு உடனே சாய்ந்தால் வயிற்றின் அமிலம் மேலே ஏறி நெஞ்சு கரிக்கும். ஆச்சி ‘வாய்வு’ என்று சொன்னதில் பாதி உண்மை இங்கே இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நெஞ்சு இறுகும். ஆண் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வளரும் பருவத்தில் மார்புக் காம்புக்குப் பின்னால் சின்னக் கட்டி போல வீங்கித் தொட்டால் வலிக்கும். வெட்கத்தில் யாரும் வெளியே சொல்வதில்லை. பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக வடிந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மார்பு கனத்து வலிக்கலாம். ரத்தசோகை இருந்தால் மாடிப்படி ஏறினாலே படபடக்கும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை எந்த ஜன்னல் வழியாகப் போகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

அப்படியானால் இதயம்? நெஞ்சுவலி என்று மருத்துவரிடம் வரும் சிறுவர், பதின்வயதினர் நூறு பேரில் காரணம் இதயமாக இருப்பது ஐந்து பேருக்கும் குறைவு. பெரியப்பாவுக்கு வந்தது ரத்தக் குழாயில் பல பத்தாண்டுகளாகக் கொழுப்பு படிந்து வந்த அடைப்பு. பதினேழு வயதில் அந்தப் பத்தாண்டுகள் இன்னும் கழியவே இல்லை.

காத்திருக்கக் கூடாத வலி

அந்த ஐந்துக்குக் குறைவானவர்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள். ஆகையால் முதலில் ஒருமுறை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கீழே சொல்வது இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

ஓடும்போதோ விளையாடும்போதோ நெஞ்சு வலித்து, நின்றால் குறைவது. வலியோடு மயங்கி விழுவது, அதிலும் ஓட்டத்தின் நடுவில் விழுவது. சும்மா இருக்கையில் துடிப்பு திடீரென்று எண்ண முடியாதபடி பறப்பது. காய்ச்சலோடு நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் சேர்வது. நெஞ்சில் பலமான அடி. சட்டென்று ஒரு பக்கம் குத்தி, நேரம் ஆக ஆக மூச்சு வாங்குவது; ஒல்லியாக, மளமளவென்று உயரமாக வளர்ந்த பையன்களுக்கு நுரையீரலிலிருந்து காற்று கசிந்து இப்படி ஆவதுண்டு. உதடு நீலம் பாரித்தால் யோசிக்கவே வேண்டாம், 108.

வீட்டில் யாராவது ஐம்பது வயதுக்கு முன்பே திடீரென்று இறந்திருந்தால், சின்ன வயதில் உங்களுக்கு மூட்டு வீங்கிய காய்ச்சல் வந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள். அந்தக் காய்ச்சல் இதய வால்வைப் பாதிக்கக்கூடியது.

தாமிரபரணியில் குறுக்குத்துறையில் குளிக்கிறவர்கள் ஆற்றிடம் உத்தரவாதம் கேட்பதில்லை. சுழி எந்த இடம் என்று தெரிந்துகொண்டு மற்ற இடத்தில் குளிக்கிறார்கள். மேலே சொன்னதெல்லாம் சுழி. டாக்டர் அவை இல்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டால் மிச்சம் ஆறு உங்களுடையது.

பயம் உடம்புக்குள் என்ன செய்கிறது

இங்கேதான் பிள்ளைகள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘பயத்தினால் வருது’ என்று சொன்னால் ‘கற்பனை பண்ணுறே’ என்று கேட்கிறது. பயம் கற்பனை அல்ல, அது ஒரு உடல் வேலை.

வயக்காட்டில் நடந்து போகும்போது காலடியில் பாம்பு என்று வையுங்கள். நீங்கள் யோசிப்பதற்கு முன்னால் மூளைக்குள் அமிக்டலா என்ற சின்னப் பகுதி மணி அடித்துவிடுகிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கும். ரத்தம் கைகால் தசைகளுக்கு ஓடும். உள்ளங்கை வியர்க்கும், வயிறு கலங்கும், விலாத் தசைகள் இறுகும். குதித்து ஓட இத்தனையும் தேவை. ஆனால் அந்த மணிக்குப் பாம்புக்கும் பழுதைக்கும் வித்தியாசம் தெரியாது. ‘நமக்கும் பெரியப்பா மாதிரி ஆயிடுமோ’ என்ற நினைப்புக்கும் அதே மணியை அடிக்கும். ஓட வழியில்லாமல் பாயில் படுத்திருக்கும் உடம்பில் ஓடுவதற்கான ஏற்பாடெல்லாம் நடந்தால் எப்படி இருக்கும்? நெஞ்சு அடைக்கும், துடிப்பு காதில் கேட்கும்.

மூச்சு வேகமாவது தனிக்கதை. தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் குழாய்கள் கொஞ்சம் சுருங்கித் தலை சுற்றும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போய் ஊசி குத்தும். வேடிக்கை என்னவென்றால், அப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 98, 99 என்று காட்டும். காற்று நிறைய இருக்கிறது, ‘காற்றே வரலை’ என்று தோன்றுகிறது. அதனால் இன்னும் வேகமாக இழுக்கிறோம், இன்னும் மோசமாகிறது. இது உச்சிக்குப் போய்ச் சேர்வதைத்தான் பேனிக் அட்டாக் என்கிறார்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம் தொடும், அரை மணிக்குள் இறங்கிவிடும். அட்ரினலின் தீர்ந்தால் இறங்கித்தானே ஆக வேண்டும்.

இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் செல்லம் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட நூற்றுக்கணக்கான படைவீரர்கள் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல் என்று வந்தார்கள். இதயத்தில் கோளாறு தெரியவில்லை. டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் அவர்களைப் பற்றி எழுதினார். பிற்பாடு அதற்குப் ‘படைவீரர் இதயம்’ என்றே பெயர் நின்றது. துப்பாக்கி பிடித்த ஆட்களுக்கே இந்தக் கதி.

பனங்காட்டு நரி

‘பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது’ என்போம். யோசித்துப் பாருங்கள், அந்த நரி பிறக்கும்போதே அப்படி இருந்திருக்காது. குட்டியாக இருந்தபோது ஒவ்வொரு ஓலை உரசலுக்கும் பதறியிருக்கும். ஓலை சலசலப்பதை அது நிறுத்தவில்லை. தேரிக் காற்று யார் சொல்லி நிற்கும்? சலசலப்புக்கும் காலடிச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பழகிவிட்டது.

உடம்பும் பனங்காடுதான். நிமிடத்துக்கு 70 என்று வைத்தால் இதயம் ஒரு நாளில் 1,00,800 தடவை துடிக்கிறது. அதில் ஒன்றிரண்டு முந்திக்கொண்டு துடிக்கும்; அடுத்தது கொஞ்சம் தாமதித்து ‘தொம்’ என்று விழும். ‘ஒரு துடிப்பு விட்டுப்போச்சு’ என்று பிள்ளைகள் சொல்வது இதை. நல்ல இதயங்களிலும் நடக்கிறது. மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகி, விடும்போது கொஞ்சம் மெதுவாவதும் இளவயதில் இயல்பு. வயிறு கடமுடா என்னும், இமை துடிக்கும், விலா குத்தும். எல்லோருக்கும் இப்படித்தான். கவனம் போகாதவர்களுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கவனம் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமா? வகுப்பில் ‘முதல் பெஞ்சில் ஒருத்தருக்குப் பேன்’ என்று சொன்னால் போதும். நாற்பது கை தலைக்குப் போகும். அந்த அரிப்பு பொய்யா? இல்லை, நிஜமாகவே அரிக்கிறது. பேன்தான் இல்லை. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பில் இறந்தபோது பெங்களூரு மருத்துவமனைகளில் இதயப் பரிசோதனைக்குக் கூட்டம் கூடியதும் இந்த வகைதான். வாட்ஸ்அப்பில் ‘விளையாடிக்கொண்டிருந்த மாணவர் சுருண்டு விழுந்து பலி’ என்று ஒரு வீடியோ வந்தால் மறுநாள் என் மேசைக்கு ஒரு பிள்ளையாவது வரும்.

நிம்மதி என்னும் மிட்டாய்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இது விளங்கினால் பாதிப் பிரச்சினை விளங்கிய மாதிரி.

அந்த முதல் இசிஜி எனக்கு ஒன்பது நாள் தாங்கியது. ஒன்பது நாள் நன்றாகச் சாப்பிட்டேன், படித்தேன். பிறகு மறுபடி ஒரு குத்து. அழுது அடம்பிடித்து வேறொரு டாக்டரிடம் இன்னொரு இசிஜி. அது நாலு நாள். மூன்றாவது இசிஜி எடுத்துவிட்டுத் திரும்பும்போது, ‘அந்த கிளிப்பைச் சரியாத்தான் மாட்டினாங்களா?’ என்ற சந்தேகம் பஸ் வண்ணாரப்பேட்டையைத் தாண்டுவதற்குள் வந்துவிட்டது.

ஏன் இப்படி? பரிசோதனை செய்ததும் பயம் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம் இனிக்கிறது. மூளை அதிலிருந்து ஒரு பாடம் கற்கிறது: ‘பரிசோதனை செய்ததால்தான் தப்பித்தோம்.’ உண்மையில் பரிசோதனை செய்யாவிட்டாலும் தப்பித்திருப்போம் என்பதைக் கற்கும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கேட்கும், இன்னும் அதிகம் கேட்கும். நாடி பிடிப்பது, விலாவை அழுத்துவது, கண்ணாடியில் உதட்டின் நிறம் பார்ப்பது, ‘எம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?’ என்று கேட்பது, ஸ்மார்ட் வாட்சில் எண்ணைப் பார்ப்பது, நள்ளிரவில் கூகுளில் தேடுவது, எல்லாமே சின்னச் சின்ன இசிஜிகள்தான்.

கூகுளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இடது பக்கம் நெஞ்சுவலி’ என்று நீங்கள் தட்டும்போது உங்களுக்கு வயது பதினாறு என்று அந்தப் பக்கங்களுக்குத் தெரியாது. அங்கே எழுதியிருப்பதெல்லாம் ஐம்பது வயதுக்காரர் அசட்டையாக இருந்துவிடக் கூடாதே என்பதற்காக. அவருக்கு அது நல்ல எச்சரிக்கை. உங்களுக்கு அது பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதம்.

இன்னொரு வேடிக்கை. நோய் வந்துவிடுமோ என்று ஓயாமல் அஞ்சுவதற்குப் பழைய பெயர் ஹைப்போகாண்ட்ரியா. கிரேக்க மொழியில் ‘காண்ட்ரோஸ்’ என்றால் குருத்தெலும்பு. ‘ஹைப்போ’ என்றால் கீழே. அந்தக் காலத்தில் கவலை விலாக் குருத்துக்குக் கீழேயிருந்து கிளம்புகிறது என்று நம்பியிருக்கிறார்கள். மேலே சொன்ன காஸ்டோகாண்ட்ரைட்டிஸில் இருப்பதும் அதே காண்ட்ரோஸ். வலிக்கும் பயத்துக்கும் ஒரே குருத்திலிருந்து பெயர். இப்போது ஹைப்போகாண்ட்ரியா என்ற சொல்லைக் கேலியாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் மருத்துவர்கள் கைவிட்டு வருகிறார்கள்; 2013 முதல் அமெரிக்க மனநலக் கையேட்டில் ‘நோய்க் கவலை’ என்ற பொருளில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பயம் கேட்பது நூற்றுக்கு நூறு உறுதி. எந்த டாக்டராலும் அதைக் கொடுக்க முடியாது, யாருக்கும். முருகன்குறிச்சியில் ரோட்டைக் கடக்கிறவர் யாரிடமும் அந்த உறுதி இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடக்கிறோம். நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் பார்ப்பது என்பது ஒரு நல்ல மருத்துவப் பரிசோதனை. அதற்கு மேல் பிளாட்பாரத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடம் போக முடியாது.

சரி, ராத்திரி பதினொரு மணிக்கு என்ன செய்வது?

குத்து வந்துவிட்டது. முதலில் பெயர் சொல்லுங்கள். ‘இது அந்தப் பழைய விலாக் குத்து. டாக்டர் பார்த்தாச்சு.’ ஒரே தடவை. திரும்பத் திரும்பச் சொன்னால் அதுவும் மந்திரமாகிவிடும். எழுந்து நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சை மூக்கால் நாலு எண்ணும் வரை இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வயிறு புடைத்து அடங்க வேண்டும், தோள் ஏறக் கூடாது. விடுவது நீளமாக இருப்பதுதான் விஷயம்; நீண்ட வெளிமூச்சில் துடிப்பு இறங்கும். ஐந்து நிமிடம் போதும். காகிதப் பைக்குள் மூச்சு விடுவது சினிமாவில் சரி, ஆஸ்துமாவோ வேறு கோளாறோ இருந்தால் ஆபத்து, வேண்டாம். இந்தப் பழக்கத்தைப் பயம் இல்லாத நேரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, செய்து பழகுங்கள். வெள்ளம் வந்த அன்றைக்கு நீச்சல் கற்க முடியாது.

நாடி பிடித்துப் பார்க்கக் கை போகும். ‘பார்க்கவே மாட்டேன்’ என்று சபதம் வேண்டாம், தோற்றுவிடுவீர்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்க்கிறேன் என்று தள்ளிப்போடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கு வேலை கொடுங்கள்: துணி மடிக்கலாம், நாளைக்கு டைம்டேபிள்படி பை அடுக்கலாம், தம்பியோடு சண்டை கூடப் போடலாம். பத்து நிமிடம் கழிந்ததும் பாதி நாட்கள் மறந்திருக்கும். அடுத்த வாரம் இருபது நிமிடம். முதலில் பயம் ஏறும். ஏறி, நீங்கள் ஒன்றும் செய்யாமலே இறங்கும். அந்த இறக்கத்தை மூளை பார்க்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

அப்புறம், ஓடுங்கள். டாக்டர் சரி என்று சொன்னவர்கள் மட்டும். பயந்த பிள்ளைகள் விளையாட்டை முதலில் விடுவார்கள், நான் கபடியை விட்டேன். துடிப்பு ஏறினாலே ஆபத்து என்று உடம்பு நம்ப ஆரம்பித்துவிடும். வ.உ.சி. மைதானத்தில் காலையில் ஒரு சுற்று நடை, அடுத்த வாரம் ஒரு சுற்று மெதுவான ஓட்டம். இதயம் திம் திம் என்று அடிக்கும். அடிக்கட்டும், நாடி பிடிக்காதீர்கள். ஓடினால் அப்படித்தான் அடிக்கும் என்று அது திரும்பக் கற்றுக்கொள்ளும்.

பரீட்சைக் காலத்தில் கண் விழிக்கக் கடுங்காப்பியும் எனர்ஜி டிரிங்கும் ஊற்றிக்கொள்வதைக் குறையுங்கள். அவற்றில் இருக்கும் கஃபீன் கொடுக்கும் படபடப்பும் பயத்தின் படபடப்பும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

“படிக்க மடிச்சுக்கிட்டு நடிக்கான்” என்று ஒரு கட்சி. “இப்ப வலிக்கால? இப்ப?” என்று மணிக்கொரு தரம் கேட்கும் இன்னொரு கட்சி. இரண்டுமே பிள்ளையைத் தள்ளிவிடுகின்றன. முதலாவது அவன் வாயை அடைக்கிறது. இரண்டாவது அவனுக்குப் பதிலாக நாமே நாடி பிடிக்கிறோம். “எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?” என்று பத்தாவது தடவை கேட்கும்போது “ஆகாதுல” என்று பத்தாவது தடவை சொல்வது பாசம்தான், ஆனால் மிட்டாய். “பயம் வந்திருக்கு போல. வா, வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேசுவோம்” என்று சொல்லிப் பாருங்கள். திருநீறு போடுவதா, தர்காவில் ஓதிக்கொள்வதா, அவரவர் நம்பிக்கை. டாக்டரைப் பார்ப்பதற்குப் பதிலாக அது ஆகாமல் இருந்தால் போதும். நெஞ்சுவலிக்குக் கீழே வேறு ஏதாவது கிடக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு சாவு, பள்ளியில் ஒருவன் சீண்டுவது, சொல்ல முடியாத ஒரு தொந்தரவு. என் விஷயத்தில் பெரியப்பா. அவருக்காக நான் அழவே இல்லை என்பதை அம்மா ஒருநாள் கவனித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இத்தனைக்கும் அடங்காமல் படிப்பும் தூக்கமும் மாதக்கணக்கில் கெட்டால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ‘அந்த வார்டுக்குப் போனா யாராவது பார்த்திருவாங்க’ என்பார்கள். பார்க்கிறவரும் அங்கே சீட்டு வாங்கத்தானே வந்திருக்கிறார்? மேலே சொன்ன தள்ளிப்போடுதல், ஓடிப் பழகுதல் எல்லாம் சிபிடி என்ற, நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றிப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையின் துண்டு துணுக்குகள்; பயிற்சி பெற்றவரோடு சேர்ந்து செய்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். மாத்திரை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும், மாமாவின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்காதீர்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416. டெலிமானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104-உம் உண்டு. ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று பிள்ளை சொல்லிவிட்டால் அன்றைக்கே, அந்த நிமிடமே அழையுங்கள், தனியாக விடாதீர்கள்.

போன வருடம் பிளஸ் ஒன் பையன் ஒருவன், எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, மடித்த இசிஜி தாளைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டான்.

“சார், ஒங்களுக்கு இப்பவும் குத்துமா?”

“குத்தும். முந்தாநாள்கூட.”

“என்ன சார் செஞ்சிய?”

“சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தேன். அரைச்சு முடிச்சேன்.”